எடுக்காத அளவு

மறுபடியும் தையல் விட்டுப்போயிருந்தது. எட்டுத் தையல் ஒழுங்காக விழுகிறது, ஒன்பதாவது இடத்தில் நூல் துணியைப் பிடிக்காமல் மேலாகவே மிதந்து போகிறது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பத்தாவது விழுகிறது. வசந்தாமணி மிஷினை நிறுத்தி, பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லேசாக இழுத்தாள். பட்பட்டென்று மூன்று இடத்தில் தெறித்தது. இது நாலாவது. முதலாவது வியாழக்கிழமை குப்பைக்குப் போனது, இரண்டாவது வெள்ளிக்கிழமை, மூன்றாவதை நேற்றுச் சாயங்காலம் அக்கா போட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தையோடு திருப்பிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை ஆகிறது, மாடி வீட்டில் கறிக் குக்கர் இரண்டு விசில் அடித்துவிட்டது, நாளைக்கு ஒன்பது மணிக்கு அக்கா பள்ளிக்கூடத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், இந்த லைக்ரா சனியன் இன்னும் பிடி கொடுக்கவில்லை. சனியன் என்று வாய்விட்டே சொன்னாள். வீட்டுக்காரர் ஒரு காதுகுத்துக்குப் பல்லடம் போயிருந்தார், கேட்க ஆள் இல்லை, தாராளமாகச் சொல்லலாம். திருப்பூரிலேயே பிறந்து, பத்தொன்பது வருஷம் பனியன் கம்பெனியில் உட்கார்ந்து, இழுத்தால் நீளுகிற துணியாகவே தைத்துத் தள்ளியவளை ஒன்றரை மீட்டர் துணி இந்தப் பாடு படுத்துகிறது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கம்பெனியில் இருந்தது ஓவர்லாக் மிஷின், அதற்குக் கீழே இருக்கிற பல்லே இரண்டு வரிசை. முன்வரிசை துணியைத் தள்ளிக் கொடுக்கும், பின்வரிசை வாங்கிக்கொள்ளும், நடுவில் துணி நீளவும் முடியாது சுருங்கவும் முடியாது, தைக்கிறவள் துணியைக் காட்டினால் மட்டும் போதும். இந்த வீட்டு மிஷினுக்கு ஒரே வரிசைப் பல். கீழ்த்துணியை அது கடித்து இழுக்கிறது, மேல்துணியைக் காலடிப் பட்டை அமுக்கித் தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட லைக்ரா, பொரித்த அப்பளத்தின் ஓரம் மாதிரி நெளிந்து வெளியே வருகிறது. ஜாக்கெட் தைக்க வாங்கின மிஷினில் இதைத் தைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டது யார் தப்பு. அவள் தப்புத்தான்.

ஊசியைக் கழற்றி வேறு ஊசி போட்டாள். நுனி கூராக இல்லாமல் மொண்ணையாக, உருண்டையாக இருக்கும் பால்பாயிண்ட் ஊசி. கூர் ஊசி லைக்ராவைக் குத்தும்போது துணி ஊசியோடு சேர்ந்து கீழே போய்விடும், பாபின் நூல் பிடிக்க இடமே இருக்காது, அதனால்தான் தையல் விடுகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காலையில் சோம்பலில் பழைய ஊசியோடு ஆரம்பித்தது யார் தப்பு, அதுவும் அவள் தப்புத்தான். காலடிப் பட்டையின் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினாள். நேர்த்தையலை விட்டுவிட்டு சின்ன ஜிக்ஜாக் வைத்தாள், துணி நீளும்போது நேர்த்தையல் சேர்ந்து நீளாது, தெறிக்கத்தான் செய்யும். பழைய பேப்பரை நீட்டுவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துத் துணிக்கு அடியில் கொடுத்தாள், பல் பேப்பரைக் கடிக்கட்டும், துணியை விட்டுவிடட்டும், தைத்து முடித்ததும் பேப்பரைக் கிழித்து எடுத்துவிடலாம். இவ்வளவையும் கை தானாகச் செய்தது. கம்பெனியில் புதிதாக வருகிற பெண்களிடம் அவள் சொல்லுகிற ஒரே பாடம், துணியை இழுக்காதே என்பது. இழுத்தால் அது இழுத்த இழுப்புக்கு வரும், நீ நினைப்பாய் நம் பேச்சைக் கேட்கிறது என்று, கையை எடுத்ததும் பார், பழைய இடத்துக்கே போய் நிற்கும், உன் தையல் மட்டும் அநாதையாக நெளிந்து கிடக்கும். எல்லாருக்கும் சொல்லுவாள். இப்போது அவள் கையே இழுத்துக்கொண்டு நின்றது. விரல் நகம் வெளுத்திருந்தது. விடு, விடு என்று தன் கைக்கே சொல்லிக்கொண்டு, துண்டுத் துணி ஒன்றை வைத்துத் தைத்துப் பார்த்தாள். விழுந்தது. ஒரு தையல்கூட விடவில்லை. இழுத்தாள், தெறிக்கவில்லை. அப்பாடா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, ஏனென்றால் தையல் விடுவது நேற்றுவரை பிரச்சினையே இல்லை. மூன்றாவது உருப்படியில் தையல் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அக்கா கையைத் தூக்கினாள், தூக்கிவிட்டு, ஏறுது என்றாள்.

ஏறுது. அவ்வளவுதான் சொன்னாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் கொடுத்த பாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அறுவை சிகிச்சை செய்து வலது மார்பை எடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது, எல்லாக் கஷாயமும் எல்லா ஊசியும் முடிந்து, தலையில் முடி திரும்ப வந்து, ஃபிட்னெஸ் சர்ட்டிபிகேட் வாங்கி, முதல் நாள். எடுத்த மார்புக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ள சிலிக்கானில் ஒன்று ஆஸ்பத்திரியிலேயே கொடுத்திருந்தார்கள், அதை வைக்கப் பை வைத்துத் தைத்த பாடியும் கொடுத்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு பி பிரிவு, மூன்றாவது பீரியட், அக்கா கணக்கு டீச்சர், கையைத் தூக்கிப் போர்டில் எழுதாமல் கணக்கு எப்படி நடத்துவது. இரண்டாவது வரி எழுதும்போது பாடி வலது பக்கம் மேலே ஏறியது, உள்ளே இருந்தது கழுத்துப் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்கா சொன்னாள். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் பிள்ளை சட்டென்று தலையைக் குனிந்து நோட்டைப் பார்த்ததாம். அந்தக் குனிந்த தலையை அக்கா மூன்று முறை சொன்னாள். அதற்குப் பிறகு லீவை நீட்டினாள். இன்னும் நீட்ட முடியாது என்று போன வாரம் ஆபீசில் சொல்லிவிட்டார்கள், திங்கட்கிழமை சேர்ந்தாக வேண்டும். இன்னொருக்கா அப்படி ஆச்சுன்னா எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன் புள்ள என்று அக்கா சொன்னபோது குரலில் ஒன்றுமே இல்லை, பால்காரனிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இருபத்தாறு வருஷ வேலை. அப்போதுதான் வசந்தாமணி, நான் தைத்துத் தருகிறேன் என்று வாயை விட்டாள்.

வாயை விட்டுவிட்டு ஒரு வாரம் ஆயிற்று. துணி வாங்கக் காதர்பேட்டைக்கே போனாள், கட் பீஸ் கடையில் கிலோ கணக்கில் குவித்திருந்ததில் நல்ல கனமான லைக்ராவாக, இழுத்துவிட்டால் உடனே திரும்புகிறதா என்று பத்துத் துணியை இழுத்துப் பார்த்து எடுத்தாள். சுருட்டி வைத்திருந்த துணியை உடனே வெட்டக்கூடாது, சுருளின் இழுப்பு அதில் இருக்கும், ஒரு ராத்திரி மேஜையில் விரித்து அதன்பாட்டுக்கு விட வேண்டும். விட்டாள். ஊசி குத்தி வைத்தால் ஓரம் இழுத்துக்கொள்ளும் என்று எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்துப் பாரம் வைத்து வெட்டினாள். எல்லாம் செய்தாள். எந்தத் தையல்காரியும் முதலில் செய்வதையும் செய்தாள், அக்காவுக்குப் போன் பண்ணி, அளவு ஜாக்கெட் கொடுத்தனுப்பு என்றாள். ஊரில் யார் தைக்கக் கொடுத்தாலும் கூட ஒரு பழைய ஜாக்கெட்டை அளவுக்கு வைத்துத்தான் கொடுப்பார்கள், டேப் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும், எடுத்து யார் உடம்பிலும் வைப்பதில்லை, வைத்தால் அவர்களுக்கும் கூச்சம், அவளுக்கும் நேரம் வீண். அதனால் அது ஒரு சாதாரண பேச்சு. ஆனால் போனில் அக்கா உடனே பதில் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று வசந்தாமணி இரண்டு தடவை ஹலோ சொன்னாள். பிறகு அக்கா கேட்டாள், எந்த ஜாக்கெட்டு புள்ள. எதாச்சும் ஒண்ணு, நல்லா ஒக்கார்ற மாதிரி என்று வசந்தாமணி சொன்னாள். சரி என்று அக்கா சொன்னாள். மஞ்சப்பையில் மாம்பழக் கலர் ஜாக்கெட் ஒன்று வந்தது, வசந்தாமணியே நாலு வருஷம் முன்னால் தைத்தது, உள்தையலில் அவளுடைய பச்சை நூல் அப்படியே இருந்தது. இதில் என்ன இருக்கிறது. ஒன்றுமில்லை. எந்த ஜாக்கெட்டு என்று எல்லாரும்தான் கேட்பார்கள். கேட்பார்களா. யாரும் கேட்டதில்லை.

எலாஸ்டிக்தான் காரணமாக இருக்க வேண்டும். கீழ்ப்பட்டைக்கு எலாஸ்டிக்கை மனம்போனபடி இழுத்துத் தைத்தால் ஓர் இடத்தில் கொத்தாகச் சேரும், இன்னொரு இடத்தில் சப்பையாகப் போகும், ஆகவே எலாஸ்டிக்கை நாலாக மடித்துச் சாக்பீஸால் நாலு கோடு, துணியையும் நாலாக மடித்து நாலு கோடு, கோட்டோடு கோடு சேர்த்து நடுவில் மட்டும் சமமாக இழுத்துத் தைக்க வேண்டும். அப்படித்தான் தைத்தாள். அப்படியானால் தோள்பட்டை. தோள்பட்டை நீளாத நாடாவாக இருந்தால் கையைத் தூக்கும்போது கீழ்ப்பட்டையையும் சேர்த்துத் தூக்கும். முதலாவது அக்காவுக்கு ஏறியதும் இரண்டாவதில் அதையும் மாற்றினாள், நீளுகிற நாடா போட்டாள். அப்படியானால் துணியின் இழுவை. லைக்ரா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நீளாது, ஒரு பக்கம் அதிகமாக நீளும், அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றிப் போக வேண்டும். போகிறது. பிறகு ஏன் ஏறுகிறது. அவளுக்கு மண்டை காய்ந்தது. அவள் போட்டுப் பார்த்தபோது ஏறவேயில்லையே. முதலாவதையும் இரண்டாவதையும் மூன்றாவதையும் கதவைச் சாத்திக்கொண்டு அவளே போட்டுப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் சின்ன வயசிலிருந்தே ஒரே அளவு, ஒருத்தி ஜாக்கெட்டை ஒருத்தி போடலாம். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கினாள், இறக்கினாள், போர்டில் எழுதுகிற மாதிரி கண்ணாடியில் வெறும் விரலால் எழுதினாள். ஓர் இம்மி நகரவில்லை. எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அப்போது தோள்பட்டையை மட்டும் பார்த்தாள், கீழ்ப்பட்டையை மட்டும் பார்த்தாள், நடுவில் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன. அவளுக்கே தெரியும் ஏன் பார்ப்பதில்லை என்று. ஒரு வருஷமாகக் குளிக்கும்போதுகூட சோப்பை நாரில் போட்டுத்தான் தேய்க்கிறாள், வெறுங்கை அந்த இடத்தில் படாது. கை பட்டால் கை எதையாவது கண்டுபிடித்துவிடும். கூடப் பிறந்தவங்க யாராச்சும் இருந்தா ஒரு தடவ ஸ்கேன் பண்ணிக்கச் சொல்லுங்க என்று டாக்டரம்மா அக்காவிடம் சொல்லி, அக்கா இவளிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். முதல் தடவை தை மாசம், கல்யாண ஜாக்கெட் குவிந்து கிடக்கு, முடியட்டும் என்றாள். இரண்டாவது தடவை பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், யூனிபாரம் என்றாள். மூன்றாவது தடவை ஆவணி முகூர்த்தம். மிஷினுக்குப் பக்கத்தில் தைக்காத ஜாக்கெட் துணி இருக்கிறவரை எந்தத் தையல்காரியும் சாக மாட்டாள் என்று ஒரு நினைப்பு.

மேஜை ஓரத்தில் ஒரு வெள்ளை டப்பா இருந்தது, அதன்மேல் ஒரு டர்க்கி டவல் போட்டு மூடியிருந்தாள். உள்ளே அந்த சிலிக்கான். பை வைத்துத் தைக்க அளவு வேண்டுமே என்று அக்கா கொடுத்துவிட்டுப் போனது. டப்பாவைத் திறந்து அதை எடுத்துப் பையில் வைத்துப் பார்க்காமல், டப்பா மூடியில் போட்டிருந்த படத்தை வைத்துப் பை வெட்டியிருந்தாள். நாலு தடவை. வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், கட்டுப் பிரிக்க நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் வராந்தாவில் கேட்டதும், அக்கா, நான் டீ வாங்கிட்டு வர்றேன் என்று வசந்தாமணி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பதினோரு நாள், பதினோரு பிளாஸ்க் டீ. ஒரு நாள் பிளாஸ்க்கில் ஏற்கெனவே டீ இருந்தது, அதைக் கீழே போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மறுபடியும் வாங்கி வந்தாள். திரும்பி வரும்போது அக்கா போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள், டீயை வாங்கிக் குடித்தாள், நல்லாருக்கு என்றாள். தினமும் நல்லாருக்கு என்றாள். அந்த டீ ஒரு நாளும் நன்றாக இருந்ததில்லை, வெந்நீரில் சர்க்கரை. வீட்டுக்கு வந்த பிறகு அக்கா கையைத் தூக்கப் பழகினாள், சுவரில் விரலை எறும்பு மாதிரி நடக்கவிட்டு எவ்வளவு உயரம் போகிறது என்று பென்சிலால் கோடு போடுவாள், தேதியோடு. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் அந்தக் கோடுகள் இப்போதும் இருக்கின்றன. வசந்தாமணி போகும்போதெல்லாம் அந்தக் கோடுகளைப் பார்த்து, இவ்வளவு உசரம் வந்துட்டயேக்கா என்பாள். கோட்டைப் பார்ப்பது சுலபம். நேற்றுகூட அக்கா மூன்றாவதை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சேலையெல்லாம் கட்டிக்கொண்டு வெளியே வந்துதான் கையைத் தூக்கிக் காட்டினாள். அக்கா தாழ்ப்பாள் போட்டதும் இவளுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. அதைத்தான் அக்கா பார்த்திருக்க வேண்டும், இவள் முகத்தில்.

மீதித் துணி இன்னும் ஒரே ஒரு உருப்படிக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கட் பீஸ் கடை திறக்காது. நாலாவதைச் சுருட்டிக் கூடையில் எறிந்துவிட்டு, மீதியை மேஜையில் விரித்தாள். ஓரம் உடனே சுருண்டுகொண்டது, அதை நீவினாள், மறுபடியும் சுருண்டது, போ என்று விட்டாள். துணியை இரண்டாக மடித்தாள். மடிப்பின் மேல் மாம்பழக் கலர் ஜாக்கெட்டைப் பாதியாக மடித்து வைத்தாள். டம்ளர் வைத்தாள். சாக்பீஸை எடுத்தாள். எல்லாத் தையல்காரியும் இப்படித்தான், துணியை மடித்து ஒரு பக்கம் வரைந்து வெட்டினால் இரண்டு பக்கமும் சரிசமமாக வந்துவிடும், பாதி வேலை மிச்சம். இருபத்தைந்து வருஷத்தில் மடிக்காமல் வெட்டினதாக ஞாபகம் இல்லை. கத்தரிக்கோலைத் திறந்து மடிப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். இரண்டு பக்கமும் சரிசமமாக. மேல் வீட்டில் மூன்றாவது விசில் அடித்தது. எந்த ஜாக்கெட்டு புள்ள. அக்கா எந்தக் கலர் என்று கேட்கவில்லை. முந்திப் போட்டதா இப்போது போடுவதா என்று கேட்டாள், உனக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டாள், நீ ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள், இவள் நல்லா ஒக்கார்ற மாதிரி எதாச்சும் ஒண்ணு என்று சொன்னாள். அதனால் அக்கா நன்றாக உட்கார்ந்த காலத்து ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பினாள். நாலு நாளாக ஊசியைத் திட்டி, பல்லைத் திட்டி, எலாஸ்டிக்கை மாற்றி, துணியைச் சனியன் என்று சொல்லி, இப்போது இல்லாத ஓர் உடம்புக்குத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது இவள் கண்ணாடியில் கச்சிதமாக உட்காராமல் என்ன செய்யும். கத்தரிக்கோலை மேஜையில் வைத்தபோது அது துணியில் படாமல் தள்ளி வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது, தள்ளி வைத்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, தன்மேல், பல்லைக் கடிக்கிற அளவுக்கு. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். கிளம்பிட்டேன், தெருவுலதான் வர்றேன் என்று அக்கா சொன்னாள், இவள் கூப்பிடுவாள் என்று தெரிந்த மாதிரி.

அக்கா நாலு முழம் கதம்பமும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் கொண்டுவந்திருந்தாள். செருப்பை விட்டுவிட்டு நேராக மேஜைக்கு வந்து, மடித்த துணியையும் அதன்மேல் பாதியாகக் கிடந்த தன் ஜாக்கெட்டையும் பார்த்தாள். இன்னும் வெட்டலையா என்று கேட்டாள். வசந்தாமணி கழற்றிப் போட்ட பழைய ஊசியை எடுத்துக் காட்டினாள். ஊசி மாத்திட்டேங்க்கா, இப்பத் தையல் விடறதில்ல என்றாள் முதலில். அக்கா சரி என்று கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பேப்பர் குடுத்துத் தைக்கறேன், நெளியறதுமில்ல என்றாள். அக்கா அதற்கும் சரி என்றாள். ஒரு கடலையை உரித்து இவள் கையில் வைத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே வசந்தாமணி சொன்னாள்.

"அக்கா, உனக்கு அளவு எடுக்கோணும்."

அக்கா கடலை உரிப்பதை நிறுத்தினாள். "டேப்புலயா?" என்று கேட்டாள்.

"ஆமா. நேத்தே எடுத்திருக்கோணும்."

"நேத்தில்ல புள்ள. போன வருசமே" என்றாள் அக்கா. பிறகு எழுந்து அவளே போய் வாசல் கதவைச் சாத்தினாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், முந்தானையை எடுத்து நாற்காலி மேல் போட்டாள். கொக்கிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள், அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. வசந்தாமணியின் காது, அங்கே இல்லாத நர்ஸ் வண்டியின் சத்தத்தைத் தேடியது. பிளாஸ்க் இல்லை, டீக்கடை இல்லை, கையில் டேப் மட்டும் இருந்தது, அதனால் பார்த்தாள்.

ஒரு கோடு இருந்தது. நெஞ்சு எலும்பிலிருந்து அக்குள் வரை, சற்றுச் சாய்வாக. ஒரு வருஷமாக அவள் ராத்திரியில் கண்ணை மூடினால் வந்து நிற்கிற எதுவும் அங்கே இல்லை. நல்ல கைக்காரர்தான் தைத்திருக்கிறார் என்று முதலில் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காகக் கூசினாள், பிறகு அதுதானே நம் கண் என்று விட்டுவிட்டாள். தையல் சீராக வந்து, அக்குள் பக்கத்தில் மட்டும் நூலை இழுத்து முடிச்சுப் போட்ட மாதிரி கொஞ்சம் சுருங்கிப் பிடித்திருந்தது. டேப்பை வைத்தாள். சில்லுனு இருக்கு என்று அக்கா சொன்னாள். தோளிலிருந்து கீழ்ப்பட்டை வரை இடது பக்கம் ஓர் அளவு, வலது பக்கம் வேறு அளவு, ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். நோட்டில் எழுதினாள். அவள் நோட்டில் முதல் தடவையாக இடது, வலது என்று இரண்டு பத்தி வந்தது. கையத் தூக்குக்கா என்றாள். அக்கா போர்டில் எழுதுகிற உயரத்துக்குத் தூக்கினாள். இடது பக்கத்தில் தோல் தன்பாட்டுக்கு நீண்டு கொடுத்தது. வலது பக்கத்தில் அந்தச் சுருங்கின இடம் மொத்தப் பக்கத்தையும் பிடித்துத் தன்னோடு மேலே கொண்டுபோனது. வசந்தாமணி வலது உள்ளங்கையை அப்படியே அந்த இடத்தில் வைத்தாள். சூடாக இருந்தது, உள்ளே விலா எலும்பு மூச்சோடு ஏறி இறங்குவது தெரிந்தது. இறக்கு என்றாள், தூக்கு என்றாள், இறக்கு என்றாள். கை அங்கேயே இருந்தது. அளவு எடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது. நான் பார்க்கலக்கா, டீ வாங்கறேன்னு ஓடிட்டேன் என்றாள். தெரியும், அந்த டீயக் குடிச்சவளே நான்தான் என்றாள் அக்கா.

டவலை எடுத்துவிட்டு டப்பாவைத் திறந்து அந்த சிலிக்கானைக் கையில் எடுத்தாள், ஒரு நல்ல மல்கோவா கனம் இருந்தது, இவ்வளவு கனத்தை ஒரு காகிதப் படத்தை நம்பியா தொங்கவிட்டோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மாம்பழக் கலர் ஜாக்கெட்டை மஞ்சப்பையில் போட்டாள். துணியின் மடிப்பை விரித்தாள். ஒற்றைத் துணியாக, இடது பக்கத்துக்கு ஒரு வரை, வலது பக்கத்துக்கு ஒரு வரை. அக்குளுக்குக் கீழே வருகிற துண்டில் மட்டும் இழுவையைத் திருப்பிப் போட்டாள், மற்ற இடத்தில் துணி குறுக்கே நீளட்டும், அங்கே மேலும் கீழுமாக நீளட்டும், கை மேலே போனால் அந்தத் துண்டு கொடுத்துக்கொள்ளும், கீழ்ப்பட்டை இருந்த இடத்தில் இருக்கும். இழுப்பு உடம்பில் இருக்கும்போது துணியை எதிர்த்துத் தைத்தால் ஏறாமல் என்ன செய்யும். அப்படியே வெட்டினாள். தைக்கத் தைக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தையலுக்கு அடியிலிருந்து பேப்பரைக் கிழித்து எடுத்துக்கொண்டே வந்தாள், விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி மூக்கில் கண்ணாடியோடு, துளிப் பேப்பரையும் விடாமல். ஒரு தடவை தையல் விட்டது, ஒரே ஒரு தடவை, வசந்தாமணி வாயில் வந்த வார்த்தையை அக்கா இருந்ததால் முழுங்கிக்கொண்டாள். அந்த இடத்தைப் பிரித்து மறுபடியும் தைத்தாள். மணி ஒன்றரை ஆகிவிட்டது, இரண்டு பேரும் கடலையைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை.

இந்தத் தடவை அக்கா பாத்ரூமுக்குப் போகவில்லை. அங்கேயே போட்டுக்கொண்டாள், முதுகுக் கொக்கியை இவள் மாட்டிவிட்டாள், உள்ளே வைக்க வேண்டியதை அக்கா வைத்துக்கொண்டாள், ஜாக்கெட், சேலை. வசந்தாமணி இரண்டடி தள்ளிப் போய், குனிந்து, வலது அக்குள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதிப் பாருக்கா, சும்மா கையத் தூக்கினாப் பத்தாது, போர்டுல எழுதற மாதிரி நெசமா எழுது என்றாள். அக்கா மேஜையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தாள். பீரோவின் கண்ணாடி இல்லாத கதவு பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு, போர்டு மாதிரிதான் இருந்தது. தலைக்கு மேல் உயரத்தில் ஆரம்பித்து எழுதினாள், ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொரு வரி, மறுபடியும் கையை மேலே கொண்டுபோய் மூன்றாவதாக எதையோ எழுதி அடிக்கோடு போட்டாள். சாக்பீஸ் இரும்பில் கிறீச்சிட்டது. வசந்தாமணி சேலை மடிப்புக்கு உள்ளே, ஜாக்கெட்டுக்கு அடியில் தடமாகத் தெரிந்த ஓரத்தைப் பார்த்தாள். அந்தத் துண்டு நீண்டது, திரும்பியது, நீண்டது, திரும்பியது. கீழ்ப்பட்டை அசையவில்லை.

"ஏறலக்கா" என்றாள். "ஏறவே இல்ல."

"அது ஏறாதுன்னு போட்டப்பவே தெரிஞ்சுது. எழுதுனதப் படி."

நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் கையெழுத்து, எட்டாம் வகுப்புக்குக் கடைசி பெஞ்ச் வரை தெரிகிற மாதிரி உருண்டையாக. செவ்வாய், காலை பத்து மணி. வசந்தாமணி, ஸ்கேன். மூன்றாவதாக, அடிக்கோடு போட்டு, டீ நான் வாங்கித் தருவேன்.

நாளைக்குச் சேர்ந்துவிட்டு மறுநாளே லீவு போட்டால் ஆபீசில் என்ன சொல்வார்கள் என்று வசந்தாமணி கேட்டாள். அரை நாள் போட்டுக்கறேன், நீ ஆவணி முகூர்த்தத்தச் சொல்லப்போறயா என்றாள் அக்கா. சொல்லத்தான் வாய் திறந்திருந்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் பதினாலு ஜாக்கெட் துணி அடுக்கியிருந்தது, எண்ணிக்கூட வைத்திருந்தாள். வாயை மூடினாள். பீரோவில் இருப்பதை அழிக்கத் துணி எடுத்தவளிடம் அக்கா, செவ்வாக்கெழம வரைக்கும் இருக்கட்டும் என்றாள். வசந்தாமணி துணியை வைத்துவிட்டு அக்காவின் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். அவள் உள்ளங்கையில் அக்காவின் நெஞ்சுச் சூடு இன்னும் இருப்பதாகத் தோன்றியது. அந்தக் கையை, ஒரு வருஷத்துக்குப் பிறகு, ஜாக்கெட்டின் மேலாகவே, தன் மார்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே போகவில்லை.